கை எட்டாத இடம்

சனிக்கிழமை.
தேஜோ ஆற்றுப் பாலத்தின் மேல்
பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், கபாரிக்காவுக்கு.
ஒரு துண்டு, இரண்டு பீச் பழம்,
படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே எடுத்த புத்தகம்.

வாரத்தில் ஐந்து நாள்
தண்ணீர் வாரியத்தின் புகார் ஜன்னலில் இருக்கிறேன்.
கண்ணாடியில் பத்து ஓட்டை.
அதன் வழியே லிஸ்பன் முழுக்க வந்து என்னைத் திட்டும்.
பில் அதிகம், குழாயில் வெறும் காற்று,
மூன்றாம் மாடிக்கு ஏறாத தண்ணீர்.
"தோனா லியோனில்டே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?"
இருக்கிறது.
முத்திரைக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கடலும் கத்துகிறது.
ஆனால் என்னைப் பார்த்து அல்ல.
இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான்
இரண்டு பஸ் மாறி வருகிறேன்.

முழங்கால்வரை இறங்கினேன்.
அட்லாண்டிக், ஆகஸ்டிலும் ஐஸ் பெட்டி.
மூச்சு ஒரு தரம் தொண்டையில் சிக்கி
பிறகு
மறந்துபோயிருந்த ஆழத்துக்குத் திரும்பிப் போனது.
தோள்கள் காதோரத்திலிருந்து இறங்கி வந்தன.
அங்கே அவை ஏறியிருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.

க்ரீம் அடைத்த உருண்டை விற்கும் குஷ்தோடியோ
வெள்ளைத் தொப்பியோடு கூவிக்கொண்டு போனான்.
ஒன்று வாங்கினேன். மூக்கிலும் சர்க்கரை.
பிறகு குப்புறப் படுத்தேன்,
ஐந்தே நிமிஷம் என்று.

விழித்தபோது நிழல்கள் நீண்டிருந்தன.
பக்கத்துக் குடையைக் காணோம்.
யாரோ ஒரு குழந்தை என் காலைச் சுற்றி
அகழி வெட்டி, கிளிஞ்சல் பதித்து,
என்னை ஒரு நாடாக அறிவித்துவிட்டுப் போயிருந்தது.

இரவு.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
எரிந்தால் தெரிகிறது,
அங்குலம் அங்குலமாக.

சோப்பைத் தொடாமல்
குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் நின்றேன்.
காலடியில் சுழன்று போனது ஒரு பிடிக் கடற்கரை.
துண்டால் தேய்க்கவில்லை,
தூங்குகிறவரைப் போர்த்துவதுபோல் ஒற்றினேன்.
ஜன்னலோரச் சோற்றுக்கற்றாழையில் ஒரு மடல் ஒடித்தேன்.
தோள், கழுத்து, காதின் பின்புறம்,
போக முடிந்த வரைக்கும் கைகள் போயின.
நடு முதுகில் மட்டும்
இரண்டு கைக்கும் சொந்தமில்லாமல்
ஒரு ரொட்டி அகலத்துக்குத் தரிசு.

எதிர்வீட்டு பில்மீராவைக் கூப்பிடலாம்.
கூப்பிட்டால் அவள் குழாய்க் கதையும் கூடவே வரும்.

சூப் கிண்டும் மரக்கரண்டியை எடுத்தேன்.
பழைய சட்டையின் கையைச் சுற்றி, நூலால் கட்டி,
கற்றாழைக் கூழில் தோய்த்துப்
பின்னால் கொண்டுபோனேன்.
முதல் தொடலிலேயே
வாய்விட்டுச் சிரித்தேன், அடுப்படியில், தனியாக.
இத்தனை நாள் இந்தக் கட்டையை
வெங்காயம் வதக்க மட்டுமே வைத்திருந்தேன்.

திங்கள். அதே ஜன்னல்.
ஒரு பெரியவர் பில்லை ஆட்டி ஆட்டிக் கத்துகிறார்.
சட்டைக்குள் தோல் மெல்ல உரிகிறது.
பிய்க்கக் கூடாது, தானாய்ப் போகட்டும்.
முத்திரையைத் தூக்கியபோது
கைக்கடிகாரப் பட்டையின் அடியிலிருந்து
பத்துப் பதினைந்து மணல்
அவர் புகாரின் மேல் உதிர்ந்தது.

அவர் நிறுத்தினார்.
ஓட்டைகளுக்கு அருகே குனிந்து,
"எந்தக் கடற்கரை?" என்றார்.