அரைமணித் தண்ணீர்

இரவு இரண்டே காலுக்கு எங்கள் முறை.
மலையடியிலிருந்து வரும் பலஜ் வாய்க்கால்
இந்தக் கோடையில் கணுக்காலைக்கூட நனைப்பதில்லை.
அரைமணித் தண்ணீர்; அதிலும் பாதியைப்
போன வாரம் ஏலத்தில் விட்டுவிட்டார் ஹமூத்,
ஆடுகளுக்குத் தீவனம் வாங்க.

எலுமிச்சையைக் கைவிட்டாயிற்று.
குதிரைமசால் வைகாசியோடு சரி.
பேரீச்சையில் காய் பிடித்த மரங்களுக்கு மட்டும்.
ஷம்ஸா வளையல் இரண்டைக் கழற்றி
லாரித் தண்ணீருக்குக் கொடுத்ததாக
அவள் மகன்தான் சொன்னான்,
நான் கேட்கவில்லை.

கல்லும் கந்தலும் திணித்து மடையை அடைக்கிறேன்.
ஹமூத் டார்ச் பிடிக்கிறார்.
எனக்கு இரண்டு மாசச் சம்பளம் பாக்கி;
அந்த வெளிச்சம் என் முகத்துக்கு வருவதில்லை.

போன் அதிர்கிறது. பாண்டிமீனா.
முதுகுளத்தூரில் மணி மூன்றே முக்கால்,
குழாயடியில் அவளுக்கு முன்னால் நாற்பது குடம்.
"லாரிக்காரன் ஏத்திட்டான்,
ஐநூறு சேர்த்து அனுப்புங்க."

என்ன என்று கையசைத்துக் கேட்கிறார் ஹமூத்.
"மாய்" என்கிறேன்.
அவர் பாஷையில் அது தண்ணீர்.
எங்கள் பாஷையில் என்னவென்று
அவருக்குச் சொன்னதில்லை.

தலையாட்டுகிறார்.
ஏழாவது மரத்தின் பாத்தி பாதி நனைந்திருக்கிறது.
மணி இரண்டரை.
பக்கத்துத் தோட்டத்து ஆள் மண்வெட்டியோடு
வந்து நிற்கிறான், இருமாமல்.