பையனா, பொண்ணா

விலைக்கு முன்னால் வாயில் வருவது அந்தக் கேள்விதான்.
பையன் என்றால் வலது கை போகும்:
மஞ்சள் ஜேசிபி, தண்ணித் துப்பாக்கி,
கண் சிமிட்டும் போலீஸ் ஜீப்.
பொண்ணு என்றால் இடது கை:
படுத்தால் கண் மூடும் பொம்மை,
வலைப்பையில் ரோஸ் கலர் சொப்புச்சாமான்.
பன்னிரண்டு வருசப் பழக்கம் கைகளுக்கு.
நான் யோசிக்கவே வேண்டியதில்லை.

செவ்வாய் காரிமங்கலம், ஞாயிறு போச்சம்பள்ளி.
டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் ஒரு மூட்டை,
பின்னால் ரெண்டு, நடுவில் நான், என் மடியில் சின்னவள்.
"பொம்பள ஓட்டுற வண்டியா இது?"
கேட்டவர்களும் அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லி
வாங்கிப் போயிருக்கிறார்கள்.

போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்.
மழை வரப் பார்த்தது.
ஆட்டுச்சந்தை கலைந்து புழுக்கை வாசம் மட்டும் மிச்சம்.
ஒரு ஆள் தள்ளி நின்றான்.
ஜேசிபியைத் தொட்டான், விலை கேட்டான், வைத்தான்.
பலூன் விலை கேட்டான்.
பிறகு யாருக்கோ கேட்பதுபோல
சொப்புச்சாமானைக் கண்ணால் காட்டினான்.

"பாப்பாவுக்கு எத்தன வயசு?"
"நாலு."
"வளையல் செட்டு ஒண்ணு சேத்துத் தரட்டா?"
"அதெல்லாம் அவ... வேணாம்."

அந்த 'அவ'வில் கல் தடுக்கியதுபோல நாக்கு இடறியது.
காசு எண்ணிய முன்கை முழுக்க
எண்ணெய் தெறித்த புள்ளிகள், பழசும் புதுசும்.
மஞ்சப்பையில் அச்சடித்திருந்தது:
தீர்த்தகிரி சமையல்,
விசேஷங்களுக்கு அணுகவும்.
எழுத்து உள்ளே போகும்படி
பையைத் திருப்பிச் சுருட்டிக்கொண்டு போனான்.
முகூர்த்தமில்லாத மாதம்.
வீட்டில் பையனோடு இருந்திருப்பான்.

பையன் என்பது அடுத்த செவ்வாய்தான் தெரிந்தது.
அவன் தோளில் ஒரு மொட்டைத் தலை,
சந்தனம் இன்னும் காயவில்லை.
இறக்கிவிட்டதும் நேராக என்னிடம் வந்து
சந்தைக்கே கேட்கிற மாதிரி சொன்னது:
"அக்கா, குண்டானுக்கு மூடி இல்ல.
மூடி இல்லாம எப்படி தம் போடுறது?"

வெங்காயக் கடைக்காரர் சிரித்துவிட்டார்.
"என்னப்பா, பையனுக்குச் சேலையும் எடுப்பியா?"
தீர்த்தகிரி வேறு பக்கம் திரும்பி
இல்லாத மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
ஐநூறு பேருக்குப் பிரியாணி இறக்குகிறவன்.
அப்பனைப் பார்த்துப் பிள்ளை
அப்பன் தொழிலை விளையாடுகிறது,
அவ்வளவுதான்.

மூட்டையைக் கவிழ்த்தேன். மூடி கிடைக்கவில்லை.
புது வலைப்பை ஒன்றைக் கிழித்து எடுத்துக் கொடுத்தேன்.
அந்த செட்டு இனி முழு விலைக்குப் போகாது.
வெங்காயக்காரரை முறைத்தேன்.

முறைத்தபோது நன்றாகத்தான் இருந்தது.
சாக்கு மறைவில் டுர்ரென்று சத்தம் வந்தது.
என் அஸ்விகா மண்ணை ஜேசிபியில் அள்ளி
வெங்காயச் சருகு மேல் கொட்டிக்கொண்டிருந்தாள்.
ஆள் வந்தால் பிடுங்குவேன்,
முந்தானையில் துடைத்து அடுக்குவேன்,
"விக்கிற சாமான்டி" என்பேன்.
பொம்மையை நாள் பூராவும் வைத்திருந்தாலும்
பிடுங்கியதில்லை.
அதுவும் விக்கிற சாமான்தான்.

இவள் பிறந்த அன்று, தருமபுரி பெரியாஸ்பத்திரி வராந்தாவில்
மாமியாரும் இதையேதான் கேட்டார்,
என் உடம்பு எப்படி என்பதற்கு முன்னால்.
பதில் தெரிந்ததும்
கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பஸ் ஏறிவிட்டார்.

இந்த வாரம் ஒரு பெண்,
கைக்குழந்தையும் அவசரமுமாக:
"நாலு வயசுக்கு ஏதாச்சும் எடுத்துப் போடு."
கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.
ரெண்டு கையும்
எங்கே போவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன.
என்ன இவள் இப்படி நிற்கிறாள் என்று பார்த்தவள்
தானே சொன்னாள்: "பையன்தான்."

வலது கை போய்விட்டது.