இடக்கைக் கொப்பி

வலக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து
அதன்மேல் அமர்ந்துகொண்டேன்.
நாவாந்துறைப் பக்கம் கரண்ட் இருந்தது,
எங்கள் ஒழுங்கையில் இல்லை.
மெழுகுதிரியும் மகளின் பழைய கொப்பியும்
பழக்கமில்லாத ஒரு கையும்.

முதலில் சும்மா எழுத்துகள்.
மூன்று சுழி 'ண'
மூன்று சுழியும் மூன்று திசைக்கு நடந்தது.
'ழ' வழுக்கி அடுத்த வரிக்குள் விழுந்தது.

வலக்கை என்றால் இதற்குள்
நிலாவைக் கொண்டுவந்திருக்கும்.
நேற்றுக்குக் காற்று, காற்றுக்குக் கீற்று என்று
எதுகை தன்பாட்டில் வந்து குந்தியிருக்கும்.
பதினேழு வருசம் கச்சேரியில் பழகிய கை;
மேற்படி விடயம் தொடர்பாக
என்று தொடங்கிவிட்டால்
நித்திரையிலும் முடித்து ஒப்பம் வைக்கும்.

இதற்கு அதெல்லாம் ஏலாது.
'போல' என்று எழுத நினைத்தேன்.
இரட்டைக் கொம்பு, பிறகு ஒரு அரவு...
மணிக்கட்டு உளைந்தது, விட்டுவிட்டேன்.
உவமை போக மிஞ்சியது
நடந்தது மட்டும்.

இதுவரை இந்தக் கை செய்ததென்ன?
தாள் பறக்காமல் அழுத்திப் பிடித்தது.
கையெழுத்து வைக்கத் தெரியாத சனத்தின்
இடது பெருவிரலைப் பிடித்து
மைத்தட்டில் உருட்டிக் கொடுத்தது.

செபமலரின் விரல்.
குருநகர் நண்டுக் கம்பனியில்
நாள் முழுக்க ஓடு உடைக்கிற விரல்.
மூன்று தரம் உருட்டினேன்.
மூன்று தரமும் தாளில்
கோடே இல்லாத கறுப்பு முட்டை.
"ரேகையை நண்டு திண்டிட்டுது பிள்ளை" என்று சிரித்தா.
வலக்கை எழுதியது:
தெளிவில்லை. மீண்டும் வரவும்.
வந்தா.
அதையே திரும்பவும் எழுதியது,
என்ன வடிவான எழுத்து!

'செ'வின் கொம்புக்கு மூச்சைப் பிடித்து
ஒரு மணித்தியாலத்தில் இடக்கை எழுதியது இவ்வளவுதான்:

செபமலர் இரண்டு தரம் வந்தா
பஸ் காசு குடுத்து வந்தா
நான் நிமிந்தும் பாக்கவில்லை

கரண்ட் வந்தது.
தொடைக்குக் கீழிருந்து வலக்கையை எடுத்தேன்,
விறைத்துப்போய் ஆருடையதோ மாதிரி.
விரல் விரலாய் எறும்பு ஊர
உயிர் வரும்வரை
மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியப்புறம் ஆரணி கொப்பியைக் கண்டாள்.
"ஆற்றை எழுத்தம்மா இது?"
பதிலுக்கு நிற்கவில்லை.
பள்ளிக்கூட ரீச்சர் மாதிரிக் கதிரையை இழுத்துப்போட்டு
சிவப்புப் பென்சிலால் 'ண்'ணைச் சுற்றி வட்டம் கீறி
பத்துக்கு மூன்று போட்டாள்.
கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெல்ல:
திரும்ப எழுதவும்.