செண்டுடுக்

பதினேழு வருடம் முதுகில் தோம்பு சுமந்து
செம்பனைக் காட்டில் மருந்து அடித்தவள் நான்.
லாலாங் செத்தது. படர்கொடி செத்தது.
செண்டுடுக் மட்டும்
ஒரு மாதம் கறுத்துக் கிடந்து
வேரிலிருந்து மறுபடி விரல் நீட்டும்.
‘இன்னொரு தடவை அடி’ என்பார் மண்டோர் கனகசபை.
அடித்தேன்.
அப்போது கழன்ற கட்டைவிரல் நகம்
திரும்ப முளைத்தது, கோணலாக.

இப்போது லாயாங் லாயாங்கில் கடைசி வரிசை வீடு.
ஊர்ப் பெயருக்குத் தகைவிலான் என்று அர்த்தமாம்,
காற்றாடி என்பாரும் உண்டு.
பின்னால் லோங்காங், அதற்கப்பால் எஸ்டேட் வேலி.
ரயில் பாதை ஓரம் பிடுங்கிவந்து
நானே நட்டேன் அதை.
‘காசு தரேன், ரோஜா வாங்கி வைம்மா’ என்றான் மகன்.
ரோஜாவுக்கு யார் வருகிறார்கள்?

இதற்கு வருகிறது,
பள்ளிக்கூட பஸ் போன பிறகு,
கொட்டைப்பாக்குப் பருமனில் கருவண்டு.
ஊதாப் பூவைக் கட்டிப்பிடித்து
ஓர் உறுமல்:
ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள்.
மகரந்தம் கொட்டும்.
பழம் வெடித்தால் பூக்கொத்தி,
முதுகில் தீக்குச்சி மருந்தின் சிவப்பு.

புல்வெட்ட ரஃபிக்குல் வந்த அன்று நான் சந்தையில்.
திரும்பினால் கணுக்கால் உயரத்துக்குக் குச்சிகள்.
திட்ட வாய் வரவில்லை.
பதினேழு வருடம் நானும் அவன்தான்.

துளிர்த்தது, அதன் வழக்கப்படி.
இந்த முறை ஒரு கல்லைக் கழுவி நிறுத்தி
மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன்.
கும்பிடவில்லை. வேலிக்குப் பதில், அவ்வளவே.

மெஷின் சுற்றிக்கொண்டு போனது.

மூன்றாம் வெள்ளி ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.
அப்புறம் சூடம்.
அப்புறம் முனைவீட்டு இந்திராணி
நாலு நம்பர் எழுதிய தாளைக் கிளையில் கட்டினாள்.
எதிர்வீட்டு ஆ சூன்
யாரையும் கேட்காமல் இரண்டு ஆரஞ்சு வைத்தார்.
ஊதுபத்திப் புகையில் வண்டைக் காணவில்லை.

நேற்றிரவு டார்ச்சோடு போய்
பத்திகளைப் பிடுங்கினேன்.
‘அம்மனுக்குப் புகை ஆகாது’ என்று
அட்டையில் எழுதிச் செருகினேன்.
அம்மன் என்று, என் கையால்,
கோணல் நகம் பேனாவை அழுத்த.

காலையில் கல்லின் உச்சியில்
பூக்கொத்தி எச்சம்,
ஊதாவாய், பொடிப்பொடி விதைகளோடு.
இந்திராணி குனிந்து
விதைகளை எண்ணத் தொடங்கினாள், நம்பருக்கு.
நான் தடுக்கவில்லை.
முப்பத்தெட்டு வரை வந்திருப்பாள்,
வண்டு உறுமியது,
அவளுக்கு எண்ணிக்கை தப்பியது.