பத்து சென்டிமீட்டர்

நகரம் திவாலான குளிர்காலத்தில்
எனக்கு ஒரு அளவுகோல் கொடுத்தார்கள்.
முன்பெல்லாம் பனி பத்து சென்டிமீட்டர் விழுந்தால்
வழிக்கும் வண்டி வரும்.
இனிமேல் பதினைந்து.
நடுவிலுள்ள ஐந்தை
மக்கள் கால்களால் கட்டினார்கள்.

ஹொக்கைடோவின் மலை மடிப்பில்
நிலக்கரி தீர்ந்த பிறகு
எங்கள் மேயர்கள் ராட்டினம் வாங்கினார்கள்.
அந்தக் கடனை மறைக்க இன்னொரு கடன்.
மார்ச் மாதக் கணக்கை ஏப்ரலில் நனைத்து
ஏப்ரல் கணக்கை மார்ச்சில் காயவைத்தார்கள்.
அந்தக் காகிதங்களில் முத்திரை குத்தியவன் நான்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

தோக்கியோவிலிருந்து ஒனோதெரா வந்தார்,
கோபப்படத் தெரியாத மனிதர்.
ஏழு பள்ளிகளில் ஆறைச் சுழித்தார்.
ராட்டினம் எடைக்குப் போனது.
என் சம்பளத்தில் மூன்றிலொன்று போனது.
ஐந்து மணிக்கு அலுவலகக் கணப்பு அணையும்;
கையுறை போட்ட விரலுக்கு
ஏழும் எட்டும் ஒரே பொத்தான்.

மொத்தக் கடனைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பது என் வேலை.
ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனால்
இருப்பவர்கள் பங்கு ஏறும்.
போகிறவர்கள் இரவில் லாரி ஏற்றினார்கள்
என் கண்ணில் படாமல்.

கடன் பத்திரத்துக்காக யாரும் கத்தவில்லை.
பேருந்து நிலையக் கழிப்பறையைப் பூட்டிய அன்றுதான்
மீன்கடை ஹிசாயே வந்தாள்.
மேஜையில் அவள் தட்டிய தட்டில்
அந்த ஆண்டின் பட்ஜெட் மேல் தேநீர் சிந்தியது.

இருபது வருடம்.
கடைசித் தவணை ஒரு செவ்வாய்க்கிழமை
காலை பத்து நாற்பதுக்குப் போனது.
இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது,
மளிகைக் கடை ரசீது அளவில்.
மீதி: பூச்சியம்.
கைதட்டல் இல்லை. முரகோஷி இருமினார்.
மாலையில் சுற்றறிக்கை:
பனி, மறுபடியும் பத்து.

அந்த ஜனவரியில் ஒரு பின்னிரவு
அளவுகோலோடு இறங்கினேன்.
பதினொன்று.
தொலைபேசியில் எண்ணைச் சொல்லும்போது
என் குரல் கொஞ்சம் ஆடியது.

மஞ்சள் விளக்கு சுழலச் சுழல வண்டி மேடேறி வந்தது.
வெளிச்சம் ஒவ்வொரு சன்னலாகத் தொட்டது:
திரையில்லாத சன்னல்,
பலகை அடித்த சன்னல்,
பின்னால் வீடே இல்லாத ஒரு சன்னல்.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினான்.
திவாலான வருடம் பிறந்த பையன்.

"இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்?"
"கடைசியில், ஹிசாயே."
"ஒருத்திக்காகவா?"
"பதினொன்று இருக்கிறது" என்றேன்.

அவன் தகட்டை இறக்கினான்.