எட்டுக் கம்பிகள்

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய மாடிக்கடை.
பெயர்ப்பலகையில் அவன் பெயரில் பாதி, என் பெயரில் பாதி.
திங்கட்கிழமை அதை இறக்க ஆள் வரும்.

எல்லாம் பேப்பரில் எழுதிப் பிரித்தாயிற்று.
ட்ரோன் பிரைட்சனுக்கு. ஆல்பம் பிரிண்டர் எனக்கு.
யூபிஎஸ் அவனுக்கு. வாடகை முன்பணம் சரிபாதி.
மிச்சம் இரண்டு டெராபைட்:
ஒன்பது வருஷத்துக் கல்யாணங்கள், புதுநன்மைகள்,
சப்பரங்கள், ஒரு அடக்க ஆராதனை,
காசு தராமல் போன ஏழு பார்ட்டிகள்.
அதை மட்டும் பிரிக்க முடியவில்லை.
இருவருக்கும் முழுசாக வேண்டும்.

வைஃபையில் விட்டுப் பார்த்தோம்.
மீதம் ஆறு நாள் என்றது.
பாலத்தில் ஒரு பேருந்து ஏறியதும் பதினொரு நாள் என்றது.
பென்டிரைவ் எடுத்தான்.
கருங்கல் கல்யாணத்தின் முழு நீளம் ஒன்பது ஜிபி;
நாலுக்கு மேல் விழுங்க மாட்டேன் என்று துப்பிவிட்டது.
நெட்டில் ஏற்றி இறக்கலாம் என்றேன்.
"ரெண்டு முழம் தள்ளி இருக்கிற மேசைக்கு
திருவனந்தபுரம் சுத்திப் போவணுமா?"
மூன்று வாரத்தில் அவன் என்னிடம் பேசிய
முதல் முழு வாக்கியம்.

பிறகு மேசைக்கு அடியில் கிடந்த மஞ்சள் வயர்.
அவன் பெட்டியிலிருந்து என் பெட்டிக்கு நேராக,
நடுவில் யாரும் இல்லாமல்.
இதன் முகவரி ஒன்றில் முடியட்டும், அதன் முகவரி இரண்டில்.
வைஃபையை அணைத்தோம், இல்லாவிட்டால்
பழகின வழியிலேயே போகப் பார்க்கும்.
"கட்டா, காப்பியா குடுத்த?"
"காப்பி."
"அது போதும்."
ஓடியது. நொடிக்குப் பதினொரு எம்பி.
இரண்டு பகல், இரண்டு ராத்திரி.

"எங்கியோ ஒரு கம்பி அறுந்திருக்கு மக்கா.
நாலுல ஓடுது. எட்டும் வேணும்."
மக்கா என்றது தவறி வந்த சொல்.
கேட்காத மாதிரி முனையை வெட்டி எறிந்தேன்.
ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம்,
அவன் சொல்லச் சொல்ல விரலிடுக்கில் வரிசை பிடித்தேன்,
நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு.
இடுக்கி ஒரு தடவை கடித்தது.
நொடிக்கு நூற்றிப்பத்து.

போட்டோ ஃபோல்டரில் மறுபடி முடங்கியது.
ஒரு லட்சத்துச் சில்லறைப் படங்கள்;
ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்திப் பெயர் கேட்டு
உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.
"அமுக்கண்டாம், சும்மா ஒரே மூட்டையா கெட்டு."
கட்டினேன். மூட்டை ஓடியது.

எண்பத்து மூன்று சதவீதத்தில் மழை.
மழையோடு கரண்டும் போயிற்று.
என் பெட்டி செத்தது.
யூபிஎஸ் அவனுடையது, அவன் பெட்டி உயிரோடிருந்தது.
ஒன்றும் பேசாமல் தன் திரையின் பிளக்கைப் பிடுங்கி
அந்த ஓட்டையில் என் பெட்டியைச் சொருகினான்.
விட்ட இடத்திலிருந்து தொடரும்படி
முதலிலேயே சொல்லி வைத்திருந்தானாம்.
திரை இல்லை. எத்தனை சதவீதம் என்று தெரியாது.
வயர் நுழையும் இடத்தில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு
படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.
பதினாறு நிமிஷம் அதையே பார்த்தோம்.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியபோது கரண்டு வந்தது.

இரண்டு பக்கமும் எண்ணினோம். ஒன்று குறையவில்லை.
சரி பார்க்க ஏதோ ஒன்றைத் திறந்தோம்:
காசு தராத பார்ட்டி.
மாப்பிள்ளை கையில் கேக்கோடு சிரித்தார்,
இரண்டு திரையிலும், ஒரே பல்வரிசை.
பிரைட்சன் சத்தமாகச் சிரித்துவிட்டு
செருப்பைத் தேடினான்.

மஞ்சள் வயர் யாருக்கென்று பேப்பரில் இல்லை.
தன் பக்கத்து முனையைக் கழற்றி
மேசை மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.
என் பக்கத்து முனை
இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.