நான்கு பேர் அகலம்

திரையின் மூலையில்
இரண்டு எண்களை ஓடவிட்டிருக்கிறேன்.
பிராசசர் நூறு சதவீதம்.
கிராபிக்ஸ் கார்டு நாற்பத்தாறு.

போன தீபாவளி போனஸ் அந்தக் கார்டு.
மூன்று விசிறி, செங்கல் கனம்.
முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிட்ட
மாப்பிள்ளை வீட்டு ஆள் மாதிரி
கைகட்டி உட்கார்ந்திருக்கிறது.
யாராவது வேலை கொடுக்க வேண்டும்.

தாதரில் சாயங்காலம் இறங்கியவர்களுக்குப் புரியும்.
வண்டி நின்று மூச்சுவிடுவதற்குள்
பன்னிரண்டு பெட்டி ஜனமும்
ஒரே படிக்கட்டின் அடியில்.
பின்னால் நிற்பவள் ஓட்டத்தில் மெடல் வாங்கியவளாகவே இருக்கட்டும்,
முன்னால் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டிருக்கிறார்.

என் பிராசசர் அந்தப் படிக்கட்டு.
நான்கு பேர் அகலம்.
வாங்கிய வருஷம்
அதில் கையை வீசி நடந்திருக்கிறேன்.

சனிக்கிழமை லேமிங்டன் ரோடு.
நீலத் தார்ப்பாயிலிருந்து தண்ணீர்
நேராக என் கழுத்துக்குள் இறங்கியது.
லால்வானி ஷோகேசைத் திறக்கவே இல்லை.
உங்க போர்டுல இது உட்காராது மேடம், என்றார்.
போர்டு மாற்றினால் பழைய ராம் சேராது.
ராமும் மாற்றினால்
அந்தப் பழைய பவர் சப்ளையை நம்பி
அவர் உத்தரவாதம் தரமாட்டார்.
கேபினெட்டை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்
என்று பெரிய மனசு பண்ணினார்.

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை,
பூனைக்குப் பாலென்று பசு,
பசுவுக்குப் புல்லென்று நிலம்.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
நாற்பத்தோராயிரத்து எழுநூறு.
பில் போட்டால் இன்னும் கொஞ்சம்.

ஆன்டாப் ஹில் வரைக்கும் பஸ்ஸில்
அந்த எண்ணை வேறு எதனாலெல்லாமோ வகுத்துப் பார்த்தேன்.
மூன்று மாத வாடகை, கொஞ்சம் குறைய.
அம்மாவின் இரண்டு பல்.
வடாலா வந்தபோது
எதனாலும் மீதியில்லாமல் வகுபடவில்லை.

ஞாயிறு, பெட்டியைத் திறந்தேன்.
குளிர்விப்பானுக்குக் கீழே
எட்டு வருஷத்துப் பேஸ்ட்
காய்ந்த மருதாணியாக வெடித்திருந்தது.
ஸ்பிரிட், பஞ்சு, பழைய சுடிதார் துணி.
நடுவில் துவரம்பருப்பு அளவுக்குப் புதுசு.
மேலே வைத்து, நான்கு திருகையும்
மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.
விரல் நடுங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

தொண்ணூற்றாறு டிகிரி எழுபத்துநாலானது.
ஐம்பத்திரண்டு பிரேம் ஐம்பத்தெட்டு.
செலவு முன்னூற்று ஐம்பது.
ஆறு பிரேமுக்கு
ஒரு மனுஷி தனியாக அறைக்குள் கைதட்டினாள்.
பக்கத்து அறைக் குழந்தை எழுந்துகொண்டது.

ராத்திரி ஒன்றே கால்.
எங்கள் அணியில் நான் மட்டும் மிச்சம்.
செத்துப்போன மற்ற மூவரும்
என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறார்கள்:
கவுஹாத்தியிலிருந்து ரிதுபர்ணா,
எங்கிருந்தோ இரண்டு பையன்கள்.
கதவு திறந்தது.
எதிரி வந்தான்.

வழக்கமாக இந்த இடத்தில்
திரை ஒரு கணம் கல்லாகும்.
திரும்ப உயிர் வரும்போது
நான் தரையில் கிடப்பேன்.

இன்றைக்குக் கல்லாகவில்லை.
அவன் பூட்ஸ் நாடா வரைக்கும் தெரிந்தது.
துப்பாக்கியை அவன் உயர்த்தவில்லைகூட.
சாவகாசமாகக் குறிவைத்து
ஏழு குண்டையும்
சுவரில் போட்டேன்.

ஹெட்போனில் மௌனம்.
அப்புறம் ரிதுபர்ணா, மெதுவாக:
அடக் கயா க்யா?

மூலையில் பார்த்தேன்.
எழுபத்துமூன்று டிகிரி.
ஒரு பிரேமும் சிந்தவில்லை.

ஆமாம், என்றேன்.
பிராசசர்.
மாற்றணும்.

திங்கட்கிழமை லால்வானியிடமிருந்து செய்தி:
ஆயிரத்தைந்நூறு குறைத்துத் தருகிறாராம்,
வியாழன் வரை எடுத்துவைப்பாராம்.
இரண்டு நீல டிக் அவருக்கும் தெரிந்திருக்கும்.
இன்று புதன்.

நாற்பதாயிரத்து இருநூறு கொடுத்துவிட்டு
அதற்கப்புறமும் சுவரைச் சுட்டால்
யாரைச் சொல்வது என்பது
அவர் கொட்டேஷனில் இல்லை.